எச். பைலோரி: முதல் பரிசோதனையிலிருந்து ‘போய்விட்டது’ என்று உறுதியாகும் வரை

அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 58. பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் ஆய்வு) அறிக்கையின் கடைசி வரியில் ‘ஹெலிகோபேக்டர் பைலோரி காணப்படுகிறது’ என்று இருந்தது. அந்த வரியை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் இல்லை. ஓராண்டு கழித்து எனக்கே மேல்வயிற்றில் எரிச்சல் தொடங்கியபோதுதான் அது நினைவுக்கு வந்தது.

பரிசோதனை செய்துகொண்டேன். ‘இல்லை’ என்று வந்தது. அது தவறான முடிவு என்று தெரிய எட்டு மாதங்கள் ஆயின. அப்புறம் எடுத்த முதல் சிகிச்சை பலிக்கவில்லை. பலித்ததா என்று பார்க்கச் செய்த பரிசோதனையும் தவறான வகை. கிருமி போய்விட்டது என்ற நம்பகமான அறிக்கை கைக்கு வர மொத்தம் ஒன்றரை ஆண்டு பிடித்தது. நாள் கணக்கைச் சரியாக வைத்திருந்தால் மூன்று மாதத்தில் முடிந்திருக்கும். எனக்குப் போன அந்த மாதங்கள் உங்களுக்கும் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். எப்போது எதைக் கேட்க வேண்டும், எந்தத் தாள் கையில் இருக்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன்.

பின்னணி கொஞ்சம் போதும். எச். பைலோரி என்பது ஹெலிகோபேக்டர் பைலோரியின் சுருக்கம். இது இரைப்பையின் உட்சுவரை ஒட்டி வாழும் சுருள் வடிவ பாக்டீரியா. பெரும்பாலும் சிறுவயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது. பிறகு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. இதைப் படித்ததும் பதற வேண்டாம். தொற்று உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வயிற்றுப் புண் வரும். நூற்றில் 1 முதல் 3 பேருக்குப் புற்றுநோய் வரக்கூடும்.

1. முதலில், உங்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையா என்று பாருங்கள்

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினால் மருத்துவரிடம் நீங்களே கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை இது: பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் ஒருவருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்திருப்பது, இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் இருப்பது, அல்லது முன்பு எப்போதோ இருந்தது, வாரக்கணக்கில் போகாத மேல்வயிற்று வலி, எரிச்சல், சாப்பிட்ட உடனே வயிறு நிறைந்த உணர்வு, காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைபாடு, ஆஸ்பிரினோ வலி நிவாரணி மாத்திரையோ நீண்ட காலம் எடுக்க வேண்டிய நிலை.

குடும்ப வரலாறு உள்ளவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. தென்கொரியாவில், இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் நெருங்கிய உறவினர்களில் தொற்று இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்குக் கிருமியை அழிக்கும் மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. சுமார் ஒன்பது ஆண்டுகள் கவனித்ததில், மருந்து பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது. 2020-இல் அந்த முடிவு வெளியானது. அப்பாவின் அறிக்கையைப் பார்த்த அன்றே யாராவது இதை என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், நிற்காத வாந்தி, இரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை என்று நாளைக் கடத்தாதீர்கள். நேரே எண்டோஸ்கோப்பிதான் (வாய் வழியே கேமராக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது). இரத்த வாந்தியும் கறுப்பு மலமும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியவை. மருத்துவரின் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்கக் கூடாது.

2. மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

மருத்துவர் உங்களோடு பேசும் நேரம் பத்து நிமிடம் என்றால், அதில் ஐந்து நிமிடம் ‘முன்னாடி என்ன மருந்து சாப்பிட்டீங்க’ என்ற கேள்வியிலேயே போய்விடும். கோப்பில் இவை இருக்கட்டும்:

முதலாவது, இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பட்டியல். கடையில் சீட்டில்லாமல் நீங்களே வாங்குவதும் இதில் சேர வேண்டும்.

இரண்டாவது, இதுவரை எடுத்த ஆன்டிபயாடிக்குகளின் பட்டியல். தொண்டை வலிக்கு, பல் வலிக்கு, சளிக்கு என்று எடுத்தது எல்லாமே. இந்தத் தாள் எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், மெட்ரோனிடசோல் என்ற நான்கு பெயர்களையாவது பழைய சீட்டுகளில் தேடிப் பாருங்கள். சீட்டு கிடைக்கவில்லை என்றால், வழக்கமாக வாங்கும் மருந்துக் கடையில் பழைய பில் விவரம் கேட்கலாம்.

மூன்றாவது, குடும்பத்தில் யாருக்கு, எந்தப் புற்றுநோய், எந்த வயதில் வந்தது என்பது. வயதை விட்டுவிடாதீர்கள்.

நான்காவது, பழைய எண்டோஸ்கோப்பி அறிக்கையும் பயாப்ஸி அறிக்கையும். இவை இரண்டும் தனித்தனித் தாள்கள். எண்டோஸ்கோப்பி அறிக்கை அன்றே கிடைத்துவிடும். பயாப்ஸி அறிக்கை சில நாட்கள் கழித்துத்தான் வரும். பலர் முதலாவதை மட்டும் வாங்கிக்கொண்டு இரண்டாவதை வாங்க மறந்துவிடுகிறார்கள். கிருமி இருக்கிறதா இல்லையா என்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது தாளில்தான் இருக்கும்.

பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதை முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். சிறுவயதில் ஏதோ ஒருமுறை தடிப்பு வந்தது என்ற அளவில்தான் ஞாபகம் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். அப்படி நினைத்துக்கொண்டிருக்கும் பலருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை. சோதித்துப் பார்த்து உறுதி செய்தால் மருந்துத் தேர்வு எளிதாகிவிடும்.

3. எந்தப் பரிசோதனை என்று தெரிந்துகொண்டு போங்கள்

நான்கு வகை உண்டு. செலவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது, நம்பகத்திலும் இருக்கிறது.

இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்ப்பது மலிவானது, சுலபமானது. ஆனால் இது கிருமியைப் பார்ப்பதில்லை. உடல் எப்போதோ கிருமியோடு போராடியதன் அடையாளத்தைப் பார்க்கிறது. கிருமி போய் மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆன பிறகும் ‘இருக்கிறது’ என்றே காட்டும். குறைந்த விலை என்று இதைத் தேர்ந்தெடுத்தால் பிறகு இன்னொரு பரிசோதனைக்கும் சேர்த்துச் செலவழிப்பீர்கள். நான் அப்படித்தான் செலவழித்தேன்.

மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் பரிசோதனை நல்லது. இப்போது உள்ள தொற்றைக் காட்டும். பொதுவாக மூச்சுப் பரிசோதனையைவிடச் செலவு குறைவு. மாதிரியைத் தண்ணீராகப் போகும் நாளில் எடுக்காதீர்கள், துல்லியம் குறையும். எடுத்ததும் எத்தனை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், குளிர்பெட்டியில் வைக்கலாமா என்பதைப் பரிசோதனைக் கூடத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

யூரியா மூச்சுப் பரிசோதனை என் முதல் தேர்வு. இந்தக் கிருமி யூரியாவை உடைக்கும் ஒரு நொதியைச் சுரக்கிறது. அமிலத்துக்கு நடுவே உயிர்வாழ அதற்கு அந்த நொதி தேவை. அடையாளமிட்ட கார்பன் கலந்த யூரியாவை நீங்கள் குடித்தால், கிருமி அதை உடைக்கும். அந்தக் கார்பன் உங்கள் மூச்சில் கரியமில வாயுவாக வெளியே வரும். முதலில் ஒரு பையில் ஊத வேண்டும், பிறகு குடிக்க வேண்டும், 15 முதல் 30 நிமிடம் கழித்து இன்னொரு பையில் ஊத வேண்டும். அவ்வளவுதான். கார்பன்-13 வகையில் கதிரியக்கம் கிடையாது. கார்பன்-14 வகையில் மிகச் சிறிய அளவு உண்டு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைத் தவிர்க்க வேண்டும். எந்த வகை என்று கேளுங்கள்.

நான்காவது, எண்டோஸ்கோப்பி வழியே சதைத் துணுக்கு எடுப்பது. செலவு அதிகம், ஆனால் இரைப்பையின் சுவர் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் இது ஒன்றுதான் சொல்லும்.

4. பரிசோதனைக்கு முந்தைய நான்கு வாரங்கள்

என் எட்டு மாதங்கள் இங்கேதான் போயின. இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் கிருமியைக் கொல்வதில்லை. ஆனால் அதன் எண்ணிக்கையைக் குறைத்து, பரிசோதனையின் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும். ஒமிப்ரசோல், பான்டோபிரசோல், ரபிப்ரசோல், எசோமிப்ரசோல், லான்சோபிரசோல், புதிதாக வந்துள்ள வோனோபிரசான் ஆகியவற்றைப் பரிசோதனைக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாடிக் எதுவானாலும், பிஸ்மத் (சில வயிற்று மருந்துகளில் சேரும் ஒரு உலோகச் சேர்மம்) கலந்த மருந்தானாலும் குறைந்தது 4 வாரம் இடைவெளி வேண்டும். இந்த விதி மூச்சு, மலப் பரிசோதனைகளுக்கும் பொருந்தும், சதைத் துணுக்குப் பரிசோதனைகளுக்கும் பொருந்தும்.

எனக்கு எரிச்சலுக்காகத் தினமும் ஒரு பான்டோபிரசோல் கொடுத்திருந்தார்கள். அதை விழுங்கிக்கொண்டே பரிசோதனைக்குப் போனேன். அங்கே யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ‘இல்லை’ என்று வந்த அந்த அறிக்கையை நம்பி எட்டு மாதம் மாத்திரையிலேயே ஓட்டினேன்.

இங்கே வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. கூட்டு மாத்திரைகளில் அமில மாத்திரை (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத்தான் இப்படிச் சொல்கிறேன்) ஒளிந்திருக்கும். வாந்தி மருந்தோடு சேர்த்து, வலி மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். அட்டையின் முன்பக்கப் பெயரில் தெரியாது. பின்பக்கத்தில் உள்ள மூலப்பொருள் பெயரைப் படிக்க வேண்டும். ‘பிரசோல்’ அல்லது ‘பிரசான்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அதேபோல, கடையில் வாங்கும் சில வயிற்று மருந்துகளில் பிஸ்மத் இருக்கும்.

நிறுத்திய முதல் வாரத்தில் எரிச்சல் முன்பைவிட அதிகமாகத் தெரியலாம். நீண்ட நாள் அடக்கி வைத்த அமிலம் திரும்ப எழுவதுதான் காரணம். பயந்து மறுபடி ஒரு மாத்திரை போட்டுவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அந்த நாட்களைச் சமாளிக்க அமிலத்தைச் சமன்செய்யும் சாதாரண திரவ மருந்தோ ஃபாமோடிடினோ எடுக்கலாமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு எத்தனை நாள் முன்பு அவற்றையும் நிறுத்த வேண்டும் என்பதைச் சேர்த்துக் கேளுங்கள்.

ஆனால் ஒன்று. அண்மையில் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்திருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ அமில மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. உங்களைப் பாதுகாத்துக்கொண்டிருப்பதே அந்த மாத்திரைதான். அப்படிப்பட்டவர்களுக்கு என்ன வழி என்று மருத்துவர் சொல்லட்டும்.

மாத்திரையை நிறுத்தாமலே பரிசோதனை செய்துவிட்டீர்கள் என்றால் என்ன? ‘இருக்கிறது’ என்று வந்தால் நம்பலாம். ‘இல்லை’ என்று வந்தால் நம்ப வேண்டாம், சரியான இடைவெளிவிட்டு மறுபடி செய்யுங்கள். மூச்சுப் பரிசோதனைக்குச் சில மணி நேரம் வெறும் வயிறாக இருக்க வேண்டும், புகைபிடிக்கக் கூடாது. எத்தனை மணி நேரம் என்பது கூடத்துக்குக் கூடம் மாறும்.

5. எண்டோஸ்கோப்பி என்று முடிவானால்

செய்யும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு. மயக்க ஊசி போட்டால் உடன் ஒருவர் வர வேண்டும், அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான தாள்களில் கையெழுத்துப் போடவும் கூடாது.

போவதற்கு முன் இரண்டு கேள்விகள். செலவு மதிப்பீட்டில் பயாப்ஸியும் திசு ஆய்வும் சேர்ந்திருக்கிறதா? பல இடங்களில் அவை தனி பில். காப்பீடு இருந்தால் முன் அனுமதி வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: இரைப்பையின் கீழ்ப்பகுதி, நடுப்பகுதி இரண்டிலிருந்தும் துணுக்கு எடுப்பார்களா? முழுமையான முறையில் ஐந்து துணுக்குகள் எடுப்பார்கள்: கீழ்ப்பகுதியில் இரண்டு, நடுப்பகுதியில் இரண்டு, இரண்டும் சேரும் வளைவில் ஒன்று. கீழ்ப்பகுதியில் மட்டும் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால், மேலே நகர்ந்துவிட்ட கிருமி தப்பிவிடலாம். குடும்பத்தில் புற்றுநோய் உள்ளதைச் சொல்லிக் கேட்டால் மருத்துவர்கள் பொதுவாக மறுப்பதில்லை.

6. பதினான்கு நாள் சிகிச்சை

இந்தக் கிருமிக்கு ஒரு மருந்து போதாது. அமில மாத்திரையோடு இரண்டு ஆன்டிபயாடிக்குகள், பல நேரங்களில் பிஸ்மத்தும் சேர்த்து, பொதுவாக 14 நாள். பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமில மாத்திரை என்ற நான்கு மருந்துக் கூட்டைத்தான் இன்று பல வழிகாட்டுதல்கள் முதலில் வைக்கின்றன. முன்பு பரவலாக இருந்த கிளாரித்ரோமைசின் கூட்டு இப்போது பல இடங்களில் பலிப்பதில்லை; கிருமி அதற்குப் பழகிவிட்டது. அசித்ரோமைசினும் அதே குடும்பம். நான் தொண்டை வலிக்காக அதைப் பலமுறை எடுத்திருந்தேன். இரண்டாம் படியில் சொன்ன அந்தப் பட்டியல் என்னிடம் இல்லை, எனக்குக் கிளாரித்ரோமைசின் கூட்டே தரப்பட்டது. பலிக்காமல் போனது.

தொடங்கும் நாளை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். பயணம், திருமணம், தேர்வு இல்லாத இரண்டு வாரம் வேண்டும். நான்கு மருந்துக் கூட்டில் நாளொன்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட மாத்திரைகள் வரும். 14 நாளுக்கும் சேர்த்து எல்லா மருந்தையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்ட பிறகே முதல் மாத்திரையைப் போடுங்கள். டெட்ராசைக்ளின் எல்லாக் கடைகளிலும் எளிதில் கிடைப்பதில்லை. அதற்குப் பதில் டாக்சிசைக்ளின் தருகிறேன் என்று கடையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாமல் மருத்துவரிடம் கேளுங்கள். இந்தக் கிருமி விஷயத்தில் இரண்டும் ஒன்றில்லை.

எப்படி எடுப்பது? அமில மாத்திரை உணவுக்கு அரை மணி நேரம் முன். மற்றவை பெரும்பாலும் உணவுக்குப் பின். டெட்ராசைக்ளினைப் பால், இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் உடலில் சேராது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். வெயில் சுள்ளென்று சுடும், தோலை மூடிக்கொள்ளுங்கள். மெட்ரோனிடசோல் எடுக்கும்போதும், முடிந்து மூன்று நாள் வரையிலும் மது கூடாது. கர்ப்பம், தாய்ப்பால், சிறுநீரகக் கோளாறு, வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து), கொலஸ்ட்ரால் மாத்திரை இவற்றில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வாயில் உலோகச் சுவை, குமட்டல், லேசான வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். எனக்கு ஐந்தாம் நாள்தான் கடினமாக இருந்தது. அன்று விட்டுவிடலாம் என்று தோன்றியது, விடவில்லை. பாதியில் விட்டால் தப்பிப் பிழைத்த கிருமி அந்த மருந்துக்கு அசையாததாக ஆகிவிடலாம். பிஸ்மத்தால் நாக்கும் மலமும் கறுத்துப்போகும். அது பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மலம் தார்போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு, தலைச்சுற்றலும் சேர்ந்து வந்தால் அது இரத்தமாக இருக்கலாம், உடனே போங்கள். ஒருநாளில் பலமுறை தண்ணீராகப் போவது, காய்ச்சல், மலத்தில் இரத்தம் இவையும் மருத்துவருக்குத் தெரிய வேண்டியவை. ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாக்களையும் குறைப்பதால், கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற வேறொரு கிருமி தலையெடுக்க வாய்ப்பு உண்டு. மருந்து முடிந்து சில வாரங்கள் வரைகூட இது வரலாம்.

ஒரு சுவரில் 14 நாள் அட்டவணை ஒட்டி, போடப் போட அடித்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது முறை பலித்ததற்கு அந்தத் தாளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

7. போய்விட்டதா என்று உறுதி செய்யுங்கள்

எரிச்சல் நின்றுவிட்டது என்பது ஆதாரமில்லை. அமில மாத்திரையாலும் எரிச்சல் நிற்கும். கடைசி ஆன்டிபயாடிக் போட்ட நாளிலிருந்து குறைந்தது 4 வாரம் கழித்து, அமில மாத்திரையை 2 வாரம் நிறுத்தி, மூச்சு அல்லது மலப் பரிசோதனை செய்ய வேண்டும். நான் 6 வாரம் விட்டேன். இடையில் சளி, பல் என்று வேறு ஆன்டிபயாடிக் எடுக்க நேர்ந்தால் அது முடிந்த நாளிலிருந்து புதிதாக 4 வாரம் எண்ணுங்கள்.

முதல் சிகிச்சை முடிந்த பத்தாம் நாளே எனக்கு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். ‘இருக்கிறது’ என்று வந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. வேறொரு மருத்துவர் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, இதற்கு அர்த்தமே இல்லை, ஐந்து வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்றார். உறுதி செய்ய இரத்தப் பரிசோதனை எழுதினால், ‘இது பழைய எதிர்ப்பொருளைத்தானே காட்டும்?’ என்று மரியாதையாகக் கேளுங்கள்.

சிகிச்சை தொடங்கும் நாளிலேயே இந்தப் பரிசோதனைக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள், நாட்காட்டியில் தேதியும் குறித்துவிடுங்கள். குணமானது போலத் தெரிந்ததும் பலர் விட்டுவிடும் படி இதுதான்.

8. பலிக்காவிட்டால்

மனம் தளர வேண்டாம். ஐந்தில் ஒருவருக்காவது முதல்முறை பலிக்காமல் போவது பல நாடுகளில் சாதாரணம். அதே மருந்துகளையே மறுபடி எழுதினால் மட்டும் காரணம் கேளுங்கள். கிளாரித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் ஒருமுறை பலிக்கவில்லை என்றால் திரும்பக் கொடுப்பதில் பயன் குறைவு. இரண்டு முறை தோற்றால், எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று துணுக்கிலிருந்து பார்க்கும் பரிசோதனை உண்டா என்று கேளுங்கள். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு நாள் பிடிக்கும், மரபணு முறை விரைவானது.

புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா கலந்த மாத்திரை, உணவு) சாப்பிட்டு இந்தக் கிருமியை விரட்டலாம் என்று சொல்பவர்களை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். சிகிச்சையின்போது வரும் வயிற்றுப்போக்கைச் சிலருக்கு அது குறைக்கலாம். கிருமியை அழிக்காது.

9. ‘இல்லை’ என்று வந்த பிறகு

புற்றுநோய் ஆபத்து குறைகிறது, பூஜ்யம் ஆவதில்லை. பயாப்ஸி அறிக்கையில் மூன்று சொற்களைத் தேடுங்கள்: ‘அட்ரோஃபி’, ‘இன்டெஸ்டைனல் மெட்டாபிளேசியா’, ‘டிஸ்பிளேசியா’. முதலாவது சுரப்பிகள் தேய்ந்திருப்பது. இரண்டாவது இரைப்பைச் சுவர் குடலின் சுவர்போல மாறியிருப்பது. மூன்றாவது புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்குச் செல்கள் மாறியிருப்பது. முதல் இரண்டும் கீழ்ப்பகுதியோடு நிற்காமல் நடுப்பகுதிவரை பரவியிருந்தால், சுமார் மூன்றாண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்யச் சொல்வார்கள். குடும்ப வரலாறு இருந்தால் இன்னும் அடிக்கடி. மூன்றாவது சொல் இருந்தால் தாமதமே கூடாது, அடுத்த வாரமே மருத்துவர் முன்னால் இருங்கள். மூன்றும் இல்லாவிட்டால் பொதுவாகத் தொடர் கண்காணிப்பு தேவைப்படாது.

கிருமி போனதைக் காட்டும் அறிக்கையைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள். ஐந்து வருடம் கழித்து யாராவது பொதுப் பரிசோதனையில் இரத்த எதிர்ப்பொருள் பார்த்து ‘உங்களுக்கு இருக்கிறது’ என்று சொன்னால், காட்டுவதற்கு அந்தத் தாள்தான் இருக்கும். ஒருமுறை போனால் பெரியவர்களுக்குத் திரும்பத் தொற்றுவது அரிது, ஆனால் நடக்காததில்லை.

10. பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கும் இதே போலப் பரிசோதனை உண்டா?

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. ஃபியூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற வாய் பாக்டீரியா பெருங்குடல் கட்டிகளுக்குள் நிறைய இருப்பது தெரிந்திருக்கிறது. சில வகை ஈ. கோலை பாக்டீரியாக்கள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நச்சு டி.என்.ஏ-வில் தனித்த தழும்பை விட்டுச் செல்கிறது. 2025-இல் வெளியான, 11 நாடுகளின் நோயாளிகளைச் சேர்த்த ஆய்வில், 40 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களிடம் அந்தத் தழும்பு 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இருப்பதைவிட மூன்று மடங்குக்கும் மேல் காணப்பட்டது. மிக முக்கியமான செய்திதான். ஆனால் இதை வைத்து இன்று உங்களுக்கு மருந்து கொடுக்க வழியில்லை.

அதனால் குடல் பாக்டீரியாக்களின் முழுப் பட்டியல் தருகிறோம் என்று விற்கும் வீட்டுப் பரிசோதனைப் பெட்டிகளுக்குப் பணம் கட்டாதீர்கள். அதே பணத்தில் மலத்தில் மறைந்த இரத்தம் பார்க்கும் பரிசோதனையைப் பலமுறை செய்யலாம். பல நாடுகளில் 45 அல்லது 50 வயதில் தொடங்கி ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்யச் சொல்கிறார்கள். இரத்தம் இருப்பதாக வந்தால் அடுத்தது கொலோனோஸ்கோப்பி (கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்ப்பது). மூல நோயாக இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோப்பி பற்றிப் பேசுங்கள்.

11. வீட்டில் உள்ளவர்கள்

உங்களுக்கு இருந்தால், கூட வாழும் பெரியவர்களுக்கும் பார்ப்பது நல்லது. ஒரு வீட்டில் பலருக்கு ஒரே கிருமி இருப்பது வழக்கம். அறிகுறி இல்லாத சிறு குழந்தைகளுக்குப் பொதுவாகப் பரிசோதிப்பதில்லை. குழந்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

என் தம்பிக்கு எந்த அறிகுறியும் இல்லை, வர மறுத்தான். அப்பாவின் அறிக்கையில் இருந்த அந்தக் கடைசி வரியைப் படமெடுத்து அனுப்பினேன். அவனிடம் மூன்றே கேள்விகள் கேட்டேன்: அமில மாத்திரை போடுகிறாயா, கடந்த ஒரு மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தாயா, இதுவரை எடுத்த ஆன்டிபயாடிக் சீட்டெல்லாம் எங்கே. மூச்சுப் பரிசோதனையில் இருக்கிறது என்று வந்தது. முதல் சிகிச்சையே நான்கு மருந்துக் கூட்டு, பதினான்கு நாள், அப்புறம் ஆறு வாரக் காத்திருப்பு. முதல் பரிசோதனை நாளிலிருந்து கடைசி அறிக்கை வரை எண்ணினால் 11 வாரம்.